மனசு அடுப்படியில், உடம்பு பாயில்

கேள்வி: வயது 43. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. இரண்டு வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கீழ்முதுகில் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சி போதும் என்றார் டாக்டர். தங்கை சொல்லி, பாயில் மெதுவாக அசைந்து செய்யும் பைலேட்ஸ் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் மாஸ்டர் 'கோர் தசையை ஃபீல் பண்ணுங்க, மனசை அங்கேயே வைங்க' என்று சொல்லும்போது எனக்கு அங்கே ஒன்றுமே தெரிவதில்லை. மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள், நானும் ஆட்டுகிறேன். இடது தோள் ஏறியிருக்கிறது என்று ஒவ்வொரு வகுப்பிலும் திருத்துகிறார். எனக்கோ நேராக இருப்பதாகத்தான் தோன்றுகிறது. மனசு பாதி நேரம் டிபனிலும் பையனின் பிளஸ் டூ பரீட்சையிலும் இருக்கிறது. வீட்டில் மொபைலில் பார்த்துச் செய்யலாம் என்றால் கூட்ஸ் ரயில், லாரி, பக்கத்து வீட்டு டிவி என்று ஒரே சத்தம். குனியும்போதெல்லாம் டிஸ்க் நழுவிவிடுமோ என்ற பயம் வேறு. இதெல்லாம் அடையாறு ஆட்கள் செய்வது, நமக்கு ஒத்துவராது என்கிறார் மாமியார். அடுத்த மூன்று மாதக் கட்டணம் கட்ட வேண்டும். தொடரலாமா? யோகாவோ நடையோ போதுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு, உடனே அடுத்த கவலைக்குப் போய்விட்டீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட், என் கண் அந்த வரியில்தான் நின்றது. இரண்டு வருட வலி மூன்று மாதத்தில் இறங்க ஆரம்பித்திருக்கிறது. அதுவும் 'ஒன்றுமே தெரியாமல்' செய்து இறங்கியிருக்கிறது. அப்படியென்றால், தசையை உணர்ந்தால்தான் பலன் கிடைக்கும் என்ற பேச்சு உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே பொய்யாகிவிட்டது. பலருக்கு இந்த வரிசையில்தான் நடக்கிறது. முதலில் செய்கிறோம், வெகுநாள் கழித்துத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய ஆரம்பிக்கிறது.

மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பைலேட்ஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். ஆஸ்துமா, எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் என்று நோஞ்சான் பிள்ளையாக வளர்ந்து, அந்த உடம்பைப் பயிற்சியால் தேற்றிக்கொண்டவர். இங்கிலாந்துக்குப் போய்க் குத்துச்சண்டை போட்டிருக்கிறார், தற்காப்பும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதல் உலகப் போர் வந்ததும் எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து, ஐல் ஆஃப் மேன் தீவில் நாக்கலோ முகாமில் அடைத்தார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் அடைபட்டிருந்த முகாம் அது. தன் பயிற்சிகளை அவர் உருவாக்கிக்கொண்டது அந்த நெரிசலில்தான். 1926-இல் நியூயார்க்குக்குப் போய்க் கூடம் திறந்த பிறகுதான் நடனக்காரர்களும் வசதியானவர்களும் வந்து சேர்ந்தார்கள். குத்துச்சண்டைக்குப் பேர்போன வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு குத்துச்சண்டைக்காரர் உண்டாக்கிய பயிற்சி நமக்கு ஒத்துவராது என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. முடிந்தால் மாமியாரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாஸ்டர் சொல்லும் இடத்தில் ஏன் ஒன்றும் தெரிவதில்லை?

கண்ணை மூடிக்கொண்டும் மூக்கு நுனியைத் தொட முடிகிறது அல்லவா? தசைக்குள் நீட்சியை அளக்கும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசைநாணில் இழுவையை அளப்பவை இருக்கின்றன. தோலிலும் மூட்டைச் சுற்றியும் வேறு சில. இவையெல்லாம் சேர்ந்து நொடிக்கு நொடி மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அதில் மிகச் சிறிய பங்குதான் நம் நினைவுக்கு எட்டுகிறது. மாறாமல் ஒரே மாதிரி வரும் செய்தியை மூளை ஓரமாகத் தள்ளிவிடும். இந்த வரியைப் படிக்கும்வரை நாற்காலி உங்கள் தொடையில் அழுத்துவது தெரிந்ததா? இப்போது தெரியும். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். உடம்பில் நமக்குத் தெரிய வருவது பெரும்பாலும் வித்தியாசம்தான். அசையாமல் படுத்துக்கொண்டு 'அங்கே ஏதாவது தெரிகிறதா' என்று துருவினால் ஒன்றும் தெரியாமல் போவது இயல்பு.

அதோடு, மாஸ்டர் கோர் என்று சொல்வது வயிற்றின் ஆழமான அடுக்கில் இடுப்பைச் சுற்றி அகலமாக ஓடும் ஒரு மெல்லிய தசையை. கூடவே முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், மேலே மூச்சுக்கு உதவும் உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள். இவை கைத்தசை போலப் புடைப்பதும் இல்லை, எரிவதும் இல்லை. தம் முழு பலத்தில் சிறு பங்கை வைத்துக்கொண்டே நாள் முழுக்க வேலை செய்கிறவை. வயிறு எரிகிறது, நடுங்குகிறது என்று வகுப்பில் சிலர் சொல்வது பெரும்பாலும் மேல் அடுக்குத் தசையின் சங்கதி. அதைக் கேட்டு நீங்கள் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

இந்த ஆழத் தசைக்கு இவ்வளவு பேர் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1996-இல் ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கையைச் சட்டென்று தூக்கச் சொன்னால், கைத்தசை இயங்குவதற்குக் கொஞ்சம் முன்பே வயிற்றின் ஆழத் தசை இயங்கிவிடுகிறது; இடுப்பு வலிக்காரர்களிடம் அது தாமதமாகிறது. நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வலியில்லாத மனிதர் யாரும் அப்படி எக்கிக்கொண்டு நடப்பதில்லை. அவர்களிடம் அந்தத் தசை கேட்காமலே வந்து போகிறது. நீங்கள் பில் கவுன்ட்டரில் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு உட்காருகிறீர்கள் என்றால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். வலி நீடித்தால் அந்த இடத்தைப் பற்றி மூளை வைத்திருக்கும் படமே மங்கிப்போகிறது. நரம்பியல் ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி 2008-இல் நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் சிலரிடம், கையால் தொட்டுப் பார்க்காமல், உங்கள் முதுகு உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே வரையுங்கள் என்றார். வலிக்கிற பகுதி வந்ததும் கோடு விட்டுப்போனது. எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றார்கள். அந்த இடத்துத் தோலில் அருகருகே இரண்டு புள்ளிகளைத் தொட்டால் ஒன்றா இரண்டா என்று பிரித்துச் சொல்லவும் தடுமாறினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் என்னிடம் வருகிறவர்கள் சொல்வதோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆகவே உங்களுக்குத் தெரியாமல் இருப்பது அக்கறைக் குறைவால் அல்ல. கவனத்தை இன்னும் இறுக்கினாலும் அது சரியாகாது.

இறுக்கிய கவனம் கெடுதலும் செய்யும். குனியும்போதெல்லாம் டிஸ்க் நழுவுமோ என்று பயம் என எழுதியிருக்கிறீர்களே, அதுவும் ஒரு கவனம்தான். இடுப்பை நாள் முழுக்கக் காவல் காக்கிறீர்கள். சின்னச் சுருக்கு வந்தாலும் மனசு ஓடிப்போய் நிற்கிறது. மூச்சு நிற்கிறது, முதுகுத் தசை விறைக்கிறது, விறைத்ததால் வலி கூடுகிறது. அப்படிப்பட்டவரிடம் போய் 'மனசை அங்கேயே வைங்க' என்று சொன்னால் காவல்தான் பலப்படும். மாஸ்டர் நல்ல எண்ணத்தில் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்களுக்கு அந்தச் சொல் இப்போது பொருந்தாது.

டிஸ்க் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த பல ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் ஒரு தொகுப்பு வெளியானது. அதில் நாற்பது வயதுக்காரர்களில் சுமார் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபது வயதிலேயே பத்தில் மூன்று பேருக்கு இருந்தது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த வரி, உங்கள் வயதில் எம்.சி. ரோட்டில் புடவை எடுக்க வரும் பெண்களில் பலருக்கும் இருக்கும். அவர்கள் ஸ்கேன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். டிஸ்க் என்பது சோப்புக்கட்டி போல வழுக்கி ஓடக்கூடிய பொருள் இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்போடு கெட்டியாகப் பிணைந்திருக்கிறது. குனிவதற்காகவே உண்டான முதுகு அது. குனியுங்கள்.

அப்படியானால் பைலேட்ஸில் மனசுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. எப்போது எங்கே வைப்பது என்பதுதான் விஷயம். அசைவுக்கு முன்பும் பின்பும் கவனம் உடம்புக்குள்ளே இருக்கட்டும். அசையும்போது வெளியே இருக்கட்டும். நான் சொல்லிக்கொடுக்கும்போது இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இது என் சொந்தச் சரக்கு மட்டுமல்ல. கேப்ரியேல் வுல்ஃப் என்பவரும் அவருடைய சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்கு போன்ற அசைவைத் தரும் ஒரு கருவியில் சிலரை ஏற்றிப் பழக்கினார்கள். ஒரு கூட்டத்தாரிடம் பாதத்தைக் கவனிக்கச் சொன்னார்கள், இன்னொரு கூட்டத்தாரிடம் பாதத்துக்குக் கீழே இருந்த சக்கரத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவே தூரம் மிகக் குறைவு. ஆனாலும் சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வேறு பல விளையாட்டுகளிலும் இதே முடிவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. உங்கள் தெருவில் கேரம் ஆடும் பையன்களைப் பாருங்கள். ஸ்ட்ரைக்கரை வைத்து உட்காரும்போது தோள், முழங்கை எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்வான். சுண்டுகிற நேரத்தில் விரலைப் பார்க்க மாட்டான்; காயையும் பாக்கெட்டையும்தான் பார்ப்பான். விரலைப் பற்றி யோசித்தால் காய் போகாது.

இதைப் பாயில் எப்படிச் செய்வது? மெத்தையில் வேண்டாம், மெத்தை உங்களோடு சேர்ந்து அமுங்கிவிடும், உடம்புக்குத் திரும்பி ஒரு செய்தியும் வராது. யோகா மேட் மெல்லிசாக இருந்தால் ஜமக்காளத்தை மடித்து மேலே போடுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் வையுங்கள். இடுப்பு வளைவுக்கு அடியில் ஒரு கையை, உள்ளங்கை தரையில் படும்படி நுழையுங்கள். எதையும் செய்வதற்கு முன் ஒரு கேள்வி: கைமேல் எவ்வளவு பாரம் இருக்கிறது? விரல் பக்கம் அதிகமா, மணிக்கட்டுப் பக்கம் அதிகமா? 'தெரியவில்லை' என்று பதில் வந்தால் அதுவும் பதில்தான், மேலே போங்கள்.

இப்போது வாலெலும்பை லேசாகத் தூக்கி இடுப்பால் கையை அமுக்குங்கள். பிறகு எதிர்ப்பக்கம்: வாலெலும்பைத் தரையில் அழுத்தி, இடுப்பு கையிலிருந்து கொஞ்சம் விலகட்டும். சின்ன அசைவு போதும். அமுக்கு, விலகு என்று நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் அசைவைக் குறைத்துக்கொண்டே வந்து நடுவில் நின்றுவிடுங்கள். கை நசுங்கவும் இல்லை, இடைவெளியும் விழவில்லை என்ற இடம். வகுப்பில் நியூட்ரல் என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். இரண்டு ஓரத்தையும் தொட்டுவிட்டு வந்ததால்தான் நடு தெரிகிறது. நேராக நடுவுக்குப் போகச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

அங்கிருந்து, மூச்சை வெளியே விட்டபடி, மடக்கிய வலது காலை ஒரு சாண் தூக்கி இறக்குங்கள். வேலை ஒன்றே ஒன்று: கைமேல் உள்ள பாரம் மாறக் கூடாது. கோர் என்ற நினைப்பே வேண்டாம். பாரம் மாறாமல் கால் மேலே போய் வந்தால், உள்ளே எது எது வேலை செய்ய வேண்டுமோ அது செய்துவிட்டது. இதுதான் நான் சொன்ன வெளிக்கவனம். காலை இறக்கிய பிறகு மறுபடி உள்ளே வாருங்கள்: வலது காலுக்கா, இடது காலுக்கா, எதற்கு இடுப்பு அதிகம் ஆடியது? மூச்சை எங்கேயாவது பிடித்துக்கொண்டேனா? கை மரத்துப்போனால் எடுத்துவிட்டு மடித்த துண்டை வையுங்கள். கையில் கிடைத்த அளவு தெளிவு துண்டில் முதலில் கிடைக்காது. சில வாரத்தில் கிடைக்கும். பிறகு துண்டும் வேண்டாம், வெறும் தரையே போதும்.

தசையைத் தொட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆசையாக இருந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. இடுப்பெலும்பு முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் முனையிலிருந்து இரண்டு விரல் உள்ளே, சற்றுக் கீழே விரல் நுனியை வைத்துக்கொண்டு, பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று நீளமாக மூச்சை விடுங்கள். மூச்சு முடிகிற தறுவாயில் விரலுக்கு அடியில் மெதுவாக ஓர் இறுக்கம் வரும். வயிறு துருத்திக்கொண்டு விரலை வெளியே தள்ளினால் பலம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பத்துக்கு மூன்று அளவு முயற்சி போதும்.

மூச்சுக்கு ஒரு துப்பட்டா போதும். கீழ் விலா எலும்பைச் சுற்றிப் போட்டு, முன்னால் குறுக்காக இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கால் இழுக்கும்போது துப்பட்டாவைப் பக்கவாட்டிலும் முதுகுப் பக்கமும் தள்ளுங்கள். விடும்போது அது தொய்யட்டும். விலாவை விரிக்க வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம், துணியைத் தள்ளுங்கள், அவ்வளவுதான். தோள் மேலே ஏறிக்கொண்டு மூச்சு விடுகிற பழக்கம் இருந்தால் இதிலேயே பாதி சரியாகும்.

தோள் என்றதும் உங்கள் இடது தோள் ஞாபகம் வருகிறது. மாஸ்டர் சொல்வதும் உண்மை, உங்களுக்கு நேராகத் தோன்றுவதும் உண்மை. நாளெல்லாம் பழகிய நிலையை மூளை நேர் என்று கணக்கு வைத்திருக்கிறது. (பில் போட்டுக்கொண்டே போனை அந்தத் தோளில் இடுக்கிப் பேசுகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) யாரோ பிடித்து இறக்கிவிட்டால் அந்தக் கணக்கு மாறாது; நீங்களே ஊகித்து, நீங்களே சரிபார்க்க வேண்டும். நிலைக்கண்ணாடி முன் நின்று கண்ணை மூடி, இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருப்பதாகத் தோன்றும்படி வையுங்கள். கண்ணைத் திறந்து பாருங்கள். திருத்துங்கள். திருத்திய நிலை கோணலாகத் தோன்றும். அந்தக் கோணலான உணர்வோடு மறுபடி கண்ணை மூடி இரண்டு மூச்சு நில்லுங்கள். பல் தேய்க்கும் நேரம் போதும் இதற்கு. ஊகத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரம் வாரத்துக்கு வாரம் குறைவதுதான் நீங்கள் தேடும் உடல் உணர்வு. கண்ணாடியை மட்டுமே பார்த்துக்கொண்டு செய்கிறவர்களுக்கு இது வருவதில்லை, ஏனென்றால் எல்லா வேலையையும் கண்ணே செய்துவிடுகிறது. ஒரு தோள் மயிரிழை உயரமாக இருப்பது வியாதியும் இல்லை. கடவுள் எல்லாரையும் அளவுகோல் வைத்துச் செய்யவில்லை.

மனசு டிபனுக்கு ஓடுவது பற்றி. ஓடட்டும். அது ஓடியதை நீங்கள் கவனித்த அந்த நொடியில் ஏற்கெனவே திரும்பி வந்தாகிவிட்டது; திட்டிக்கொள்ள நேரம் செலவழிக்காமல் அடுத்த மூச்சுக்குப் போங்கள். ஒரு வகுப்பில் எத்தனை முறை திரும்பி வந்தாலும் அது கணக்கில் சேரும். தடவைகளைக் குறைப்பது இதற்கு உதவும். ஜோசப் பைலேட்ஸ் 1945-இல் வெளியிட்ட புத்தகத்தில் பெரும்பாலான பயிற்சிகளுக்கு மூன்று, ஆறு என்று சொற்பத் தடவைகள்தான் சொல்கிறார். இருபது, முப்பது என்று எண்ணிக்கொண்டு போனால் ஏழாவதிலேயே யாருக்கும் மனசு சமையலறைக்குப் போய்விடும். ஐந்து தடவை செய்யுங்கள், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் அடுத்த பயிற்சிக்குப் போங்கள்.

வீட்டில் மொபைலைப் பார்த்துச் செய்வதை நிறுத்திவிடுங்கள். திரையைப் பார்க்கக் கழுத்து திரும்புகிறது, கவனமும் அங்கேயே போய்விடுகிறது. இடையில் தங்கை மெசேஜ் வேறு வரும். நாலைந்து அசைவுகளை மனப்பாடம் செய்துகொண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் செய்தால் போதும். சத்தத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். இங்கே ரயில் ஓட ஆரம்பித்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ராயபுரம் ஸ்டேஷன் 1856-லேயே திறந்தது. அமைதி கிடைத்த பிறகு செய்யலாம் என்று வடசென்னையில் காத்திருந்தால் நடக்காது. சத்தம் காதில் விழுந்தபடியே கைமேல் உள்ள பாரத்தைக் கவனிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியும். வியர்வைதான் நிஜமான இடைஞ்சல்: சித்திரை வைகாசியில் மேட் வழுக்கும், மதியத்தில் மொட்டை மாடிக்குப் போகவே வேண்டாம்.

கடையில் என்ன செய்வது? இதுதான் முக்கியம், ஏனென்றால் வகுப்பு வாரத்தில் சில மணி நேரம், கவுன்ட்டர் நாள் முழுக்க. நாள் முழுக்க உடம்பைக் கண்காணிக்கச் சொல்ல மாட்டேன். அது பழைய காவலுக்கே திரும்பும். பிரின்ட்டரில் பில் ரோல் மாற்றும்போது மட்டும் ஒரு கேள்வி: எந்தப் பிட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன்? பாரத்தை மறுபக்கம் மாற்றுங்கள், முடிந்தால் எழுந்து நின்று ஒரு பில் போடுங்கள். சரியான நிலை எது என்று கேட்பீர்கள். அப்படி ஒன்று இல்லை. எவ்வளவு நல்ல நிலையானாலும் இரண்டு மணி நேரம் அசையாமல் பிடித்தால் வலிக்கும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் எழவே முடியாது என்று தெரியும். அந்த வாரங்களில் வகுப்பு தவறினாலும் இந்த ஒன்றை விடாதீர்கள்.

யோகாவா, நடையா, பைலேட்ஸா? இடுப்பு வலிக்குப் பைலேட்ஸ் பற்றிய ஆய்வுகளை 2015-இல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு திரட்டிப் பார்த்தது. சும்மா இருப்பதைவிட, அல்லது பெயருக்கு ஏதாவது செய்வதைவிட, பைலேட்ஸ் வலியைக் குறைக்கிறது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பைலேட்ஸ் கற்றுக்கொடுக்கும் நானே இதைச் சொல்கிறேன். எது உங்களுக்குப் பிடிக்கிறதோ, எதை ஆறு மாதம் கழித்தும் செய்துகொண்டிருப்பீர்களோ அது நல்லது. யோகாவில் மனசு தானாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சவாசனத்திலும் டிபன் வரும்.

வகுப்பில் ஒன்று செய்யுங்கள். தலையாட்டுவதை நிறுத்துங்கள். "மாஸ்டர், எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை, கையோ துண்டோ வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தசை பேர் சொல்வதற்குப் பதில் திசை சொல்லச் சொல்லுங்கள்: முழங்காலை அந்தச் சுவரை நோக்கி நீட்டுங்கள், தலை உச்சியை ஜன்னல் பக்கம் தள்ளுங்கள் என்பது போல. நல்ல மாஸ்டர் என்றால் சந்தோஷப்படுவார். பக்கத்தில் தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேர் உங்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்வார்கள். இருமினால், தும்மினால் சிறுநீர் சொட்டுகிறது என்ற தொல்லை இருந்தால் அதையும் மறைக்காமல் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு இது சகஜம், பயிற்சியால் பெரும்பாலும் சரியாகக்கூடியது. ரத்த அழுத்தம் இருக்கிறவர் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்ய வேண்டாம்.

தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ அடங்காமல் போவது அல்லது வராமல் அடைப்பது, காலில் பலம் குறைந்துகொண்டே போவது: இதில் ஏதாவது வந்தால் பயிற்சி, வகுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றே ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூங்கவிடாத வலி என்றாலும் டாக்டரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் இப்படி எதுவும் இல்லை.

கட்டண விஷயத்துக்கு வருவோம். மூன்று மாதத்துக்கு ஒரேயடியாகக் கட்ட வேண்டாம், ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். அந்த ஒரு மாதத்தில் பார்க்க வேண்டியவை: தண்ணீர்க் குடத்தைக் குனிந்து எடுக்கும்போது மூச்சைப் பிடிக்கிறீர்களா, கவுன்ட்டரில் வலி ஆரம்பிக்கிற நேரம் தள்ளிப்போகிறதா, மாஸ்டர் தோளைத் திருத்துவதற்கு முன் நீங்களே திருத்திக்கொள்கிறீர்களா. மூன்றில் ஒன்று நகர்ந்தாலும் தொடருங்கள். மாதக் கணக்கில் வாங்க மாட்டோம் என்றால், காலையில் ராபின்சன் பூங்காவில் அரைமணி நேரம் நடந்துவிட்டு, வாரம் மூன்று நாள் இந்தக் கை, துண்டு, துப்பட்டாப் பயிற்சிகளை வீட்டிலேயே செய்யுங்கள். ஆறு வாரம் கழித்தும் குனிகிற பயம் அப்படியே இருந்தால் மட்டும் வகுப்பைவிட முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைத் தனியாகப் பாருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள். அவர் அதைப் பிரிப்பதற்கு முன் உங்களைக் குனிந்து காட்டச் சொன்னால், சரியான ஆளிடம்தான் போயிருக்கிறீர்கள்.